சனிக்கிழமைத் தலைவலி

இரண்டு வருடங்களுக்கு முன், ஜனவரி மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை நடந்தது இது. நாங்கள் இருப்பது நியூஜெர்சிதான் என்றாலும், நம்மவர்கள் நிறைந்திருக்கும் எடிசன் பக்கம் இல்லை. அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் வடமேற்கே ஓட்ட வேண்டும். மலையும் மானும் குதிரைப் பண்ணையுமாக வேறு ஏதோ மாநிலம் போல இருக்கும். வீட்டிலிருந்தே வேலை என்று ஆனதும், பெரிய வீடு கிடைக்கிறதே என்ற ஆசையில் இங்கே வந்து சேர்ந்தோம்.

வீட்டோடு சேர்ந்து வந்தது, குளிருக்கு வீட்டைச் சூடாக்கும் ஒரு பெல்லட் ஃபர்னஸ். மரத்தூளை அழுத்தி, சுண்டுவிரல் நுனி அளவுக்குக் குச்சிகளாக்கி மூட்டை மூட்டையாக விற்பார்கள். அதுதான் பெல்லட். பேஸ்மென்ட்டில் நிற்கும் ஃபர்னஸின் தலையில் அதைக் கொட்டினால், உள்ளே ஒரு திருகு சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தீயில் தள்ளும். எவ்வளவு தள்ளலாம், எவ்வளவு காற்று விடலாம் என்பதை நாம்தான் செட் பண்ண வேண்டும். காற்று போதுமான அளவு இருந்தால் தீ பளிச்சென்று மஞ்சளாகத் துள்ளும். குறைந்தால் ஆரஞ்சு நிறத்தில் சோம்பலாக ஆடும், கதவுக் கண்ணாடியில் கரி பிடிக்கும்.

என் கணவர் அதைக் கண்டாலே இரண்டடி தள்ளி நிற்பார். எனக்கோ அது அல்வா சாப்பிடுகிற மாதிரி. ஆபீஸில் டேட்டாபேஸ் மெதுவாக ஓடினால் ஏன் என்று துருவிக் கண்டுபிடித்துச் சரிசெய்வதுதான் என் உத்தியோகம். எதையும் இருக்கிறபடி விட்டுவிட்டு உட்கார எனக்கு வராது. தீயைப் பார்ப்பேன், காற்றுத் தகட்டை ஒரு நூல் இழுப்பேன், மேலே போய்க் காபி போடுவேன், பாதி காபியில் மறுபடி கீழே ஓடுவேன். வீட்டில் யாருடைய ஜுரத்தையும் நான் அத்தனை முறை தொட்டுப் பார்த்திருக்க மாட்டேன்.

முதல் குளிர்காலம் நன்றாகத்தான் போனது. இரண்டாவது குளிர்காலத்துக்குள் இரண்டு மாற்றங்கள் செய்திருந்தோம். எங்கள் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. அவள் கோட்டில் ஏதோ மசாலா வாசனை வருகிறது என்று பள்ளியில் யாரோ சொல்லிவிட, முகம் வாடி வீட்டுக்கு வந்தாள். வீட்டில் வாரத்துக்கெல்லாம் சேர்த்துச் சனிக்கிழமை காலையில் சமைப்பவர் என் கணவர். அவருக்குப் பொறுக்கவில்லை. சமையலறையில் ஒரு பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்கி மாட்டினார். அதைப் போட்டால் பேசுவது காதில் விழாது. அடுத்து நான் என் பங்குக்கு, குளிர் வராமல் இருக்க ஜன்னல்களுக்கெல்லாம் பிளாஸ்டிக் ஒட்டி, கதவு இடுக்குகளில் நுரைப்பட்டை வைத்து, வீட்டைச் சம்புடம் போல மூடினேன்.

டிசம்பர் பிறந்ததும் ஃபர்னஸ் தகராறு செய்ய ஆரம்பித்தது. நன்றாக எரிந்துகொண்டே இருக்கும், திடீரென்று சிவப்பு விளக்கு சிமிட்டிவிட்டுத் தானாக அணைந்துபோகும். சாம்பலை வழித்தேன். புகைக் குழாயைக் கழற்றித் துடைத்தேன். பெல்லட் ஈரமாக இருக்கிறதோ என்று வேறு மூட்டை போட்டுப் பார்த்தேன். அணையும் ஒவ்வொரு முறையும் நோட்டில் குறித்து வைத்தேன். சனி, சனி, மறுபடியும் சனி. உனக்குச் சனி பிடித்திருக்கிறது, எள் தீபம் போடு என்று கணவர் கிண்டல் செய்தார். நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நானும் சிரித்தேனே தவிர, எங்கள் வீட்டில் சனிக்கிழமை மட்டும் நடப்பது என்ன என்று ஒரு நிமிடம் நின்று யோசிக்கவில்லை.

இணையத்தில் ஒரு குழுவில் கேட்டதற்கு, காற்றழுத்தம் பார்க்கும் சென்சார் கெட்டிருக்கும் என்று ஒருவர் எழுதினார். சோதித்துப் பார்க்க, அதன் இரண்டு முனைகளையும் ஒரு சின்ன ஒயரால் இணைத்துவிடலாம், ஆனால் சோதித்ததும் எடுத்துவிட வேண்டும் என்றும் எழுதியிருந்தார். நான் முதல் பாதியை மட்டும் செய்தேன். ஒயரை வைத்ததும் ஃபர்னஸ் அணைவது அடியோடு நின்றுபோனது. சிவப்பு விளக்கும் இல்லை, சத்தமும் இல்லை. பெரிய சாதனை செய்துவிட்ட நினைப்பு எனக்கு. புது சென்சார் ஆர்டர் பண்ண வேண்டும் என்று தினமும் நினைப்பேன், மறந்துவிடுவேன்.

எங்கள் வீட்டில் இன்னொரு வழக்கமும் இருந்தது. இங்கே எனக்குத் தெரிந்த பல தமிழ் வீடுகளில் உண்டு, யாரும் வெளியே சொல்லிக்கொள்வதில்லை. காய்ந்த மிளகாய் தாளித்தால் போதும், வீட்டுக் கூரையில் இருக்கும் அலாரம் ஊரைக் கூட்டிவிடும். ஹோமம் என்றால் அதற்கு ஷவர் கேப் மாட்டிவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டில் புகைக்கும் விஷ வாயுவுக்கும் சேர்த்து ஒரே அலாரம், சமையலறைக்கும் பேஸ்மென்ட் படிக்கும் நடுவில் இருந்தது. கணவர் சனிக்கிழமை அடுப்பைப் பற்றவைக்கும் முன் அதைக் கழற்றி, பேட்டரியை உருவி, மேஜை டிராயரில் போட்டுவிடுவார். சாயந்திரம் மறுபடி மாட்டுவார்.

அந்த ஒயரை நான் வைத்த வாரத்திலிருந்து, மகள் சனிக்கிழமைகளில் தலைவலி என்று சொல்ல ஆரம்பித்தாள். சனிக்கிழமை இரண்டு மணிக்கு அவளுக்குத் தமிழ் வகுப்பு. நாற்பது நிமிடம் காரில் போக வேண்டும். எழுத்துக் கூட்டி வாசிப்பது என்றால் அவளுக்கு வேப்பங்காய். எல்லாவற்றுக்கும் இங்கிலீஷில் பதில் சொல்பவள், இதை மட்டும் தமிழில் சொன்னாள்.

"அம்மா, தலை வலிக்குது."

எங்களைத் தாஜா பண்ணத்தான் தமிழில் சொல்கிறாள் என்று நினைத்தேன். ஒரு மாத்திரையைக் கொடுத்துக் காரில் ஏற்றுவோம். பாதி வழி போவதற்குள் முகம் தெளிந்து ஏதாவது பாட ஆரம்பித்துவிடுவாள். "பாத்தீங்களா, கார்ல ஏறினதும் தலைவலி போன இடம் தெரியல" என்று நான் கணவரிடம் சொல்வேன். இப்படி இரண்டு சனிக்கிழமை போனது.

மூன்றாவது சனிக்கிழமை வெளியே பனி உறைந்து கிடந்தது. கணவர் காலை எட்டு மணிக்கே எக்ஸாஸ்டைப் போட்டுவிட்டு வத்தக்குழம்புக்கு வெங்காயம் வதக்க ஆரம்பித்துவிட்டார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஃபர்னஸ் அணையாமல் ஓடினாலும், தீ மட்டும் ஆரஞ்சு நிறத்தில் அசைந்தாடிக்கொண்டிருந்தது. காலையில் துடைத்த கண்ணாடி பத்து மணிக்குள் கறுத்துவிட்டது. காற்றைக் கூட்டினேன், குறைத்தேன், பெல்லட்டைக் குறைத்தேன். எதற்கும் மசியவில்லை. எனக்கும் தலை கனமாகத்தான் இருந்தது. பாதி காபியோடு எழுந்து வந்ததால் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

மகள் படியில் இறங்கி வந்து தலை வலிக்கிறது என்றாள். நான் தீயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வகுப்புக்கு இன்னும் நேரம் இருக்கிறது, இங்கேயே சோஃபாவில் படு, இங்கேதான் கதகதப்பாக இருக்கிறது என்று சொன்னேன். ஃபர்னஸுக்கு ஆறடி தள்ளி அவளைப் படுக்க வைத்துப் போர்த்தியது நான்தான்.

பத்தரை மணிக்குப் பெல்லட் லாரி வந்தது. ஐம்பது மூட்டைகளை ஒரு மரப்பலகை மேல் அடுக்கி, வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போவதோடு டிரைவரின் வேலை முடிந்தது. அன்று வந்தவர் ஐம்பது வயதைத் தாண்டியவர், சிவந்த தாடி, ஆறடிக்கு மேல் உயரம். வாசல் சரிவு முழுக்க ஐஸ். அதில் நான் மூட்டை தூக்கினால் வழுக்கி விழுவேன் என்று சொல்லி, கொஞ்சம் மூட்டைகளைத் தானே பேஸ்மென்ட்டில் கொண்டுவந்து வைப்பதாகச் சொன்னார். அவர் அதைச் செய்ய வேண்டிய அவசியமே இல்லை.

தோளில் முதல் மூட்டையோடு பேஸ்மென்ட்டின் வெளிக்கதவு வழியாக உள்ளே வந்தார். நாலு எட்டு வைத்திருப்பார். அவர் சட்டைப் பக்கத்திலிருந்து கீச்கீச்சென்று ஒரு சத்தம். உங்கள் ஃபோன் அடிக்கிறது என்றேன். அவர் மூட்டையை அப்படியே தரையில் இறக்கினார். ஜாக்கெட்டில் குத்தியிருந்த தீப்பெட்டி அளவுக் கருவியைப் பார்த்தார். எங்கள் பகுதியில் தீயணைப்பு நிலையத்துக்குச் சம்பள ஆட்கள் கிடையாது, ஊர்க்காரர்களே முறை வைத்துப் போவார்கள். அவரும் அதில் ஒருவர் என்று பிறகுதான் தெரிந்தது. விஷ வாயுவைக் காட்டும் அந்தக் கருவியை அவர் எப்போதும் உடம்பில் வைத்திருப்பாராம்.

கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, உடனே வெளியே போங்கள், வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். குரலை உயர்த்தவே இல்லை. நான் சொன்ன பதிலை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. இரண்டு நிமிடம் கொடுங்கள், காற்றை மட்டும் செட் பண்ணிவிடுகிறேன், சரியாக வரப் போகிறது என்றேன்.

அவர் என்னோடு வாதம் செய்யவில்லை. சோஃபாவைப் பார்த்தார். போர்வையோடு என் மகளைத் தூக்கினார். அந்த உலுக்கலில் அவள் விழித்திருக்க வேண்டும், விழிக்கவில்லை. தலை அவர் கை மேல் துவண்டு சாய்ந்தது. அவர் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தார். யாரோ ஒரு ஆள் என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறான் என்ற பதற்றத்தில்தான் நான் பின்னால் ஓடினேன். வேறு எதற்கும் நான் அந்த ஃபர்னஸை விட்டு நகர்ந்திருப்பேனா என்று எனக்குத் தெரியாது.

என் கத்தலைக் கேட்டு, கையில் கரண்டியோடு கணவர் முன்வாசல் வழியாக ஓடிவந்தார். லாரியின் முன்சீட்டில் ஹீட்டரைப் போட்டு, கதவைத் திறந்தே வைத்து, மகளை உட்கார வைத்துத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார் அந்த மனிதர். அவள் கண்ணைத் திறக்கக் கொஞ்ச நேரம் ஆனது. எவ்வளவு நேரம் என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. நோட்டில் எல்லாவற்றையும் நிமிடக் கணக்கில் குறித்தவள் நான். கண் திறந்ததும் அவர் ஜாக்கெட் மேலேயே வாந்தி எடுத்தாள். நான் துடைக்கப் போனேன். அவர் என் கையைத் தடுத்து, இது கிடக்கட்டும், கண் விழித்துவிட்டாள், அவளைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றார்.

தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்ஸும் வந்தன. மூன்று பேருக்கும் ஆக்சிஜன் வைத்தார்கள். எங்களை ஏற்றுவதற்கு முன் லாரி டிரைவர் என் கணவரிடம், மேலே ஏதாவது பெரிய ஃபேன் ஓடுகிறதா என்று கேட்டார். கணவர் எக்ஸாஸ்டைச் சொன்னதும் தலையசைத்தார். அவர் விளக்கியபோதுதான் எங்களுக்குப் புரிந்தது. சம்புடம் போல மூடிய வீட்டில், அந்த எக்ஸாஸ்ட் காற்றையெல்லாம் வெளியே தள்ள, ஃபர்னஸுக்கு மூச்சுவிடக் காற்றில்லை. அரைகுறையாக எரிந்த புகை, குழாய் வழியாக வெளியே போக முடியாமல் பேஸ்மென்ட்டுக்குள்ளேயே கசிந்திருக்கிறது. கெட்டுப்போயிருப்பதாக நான் முடிவு கட்டிய சென்சார், அதற்காகத்தான் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒழுங்காக ஃபர்னஸை அணைத்துக்கொண்டிருந்தது.

உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்த தீயணைப்பு வீரர் ஒருவர், நான் வைத்த ஒயரைக் கழற்றிக்கொண்டு வந்து என் உள்ளங்கையில் வைத்தார். திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது.

மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே தூங்கியிருந்தால் சொல்வதற்கில்லை என்று டாக்டர் சொன்னார். கணவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். டிராயரில் கிடந்த பேட்டரியை அவர் நினைத்துக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். நான் கட்டிலோரம் உட்கார்ந்து மகளின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் மாஸ்க்கை ஒரு விரலால் விலக்கி, ரகசியம் போலச் சொன்னாள்.

"ஐ வாஸ்ன்ட் லையிங், அம்மா."

நான் பொய் சொல்லவில்லை அம்மா என்று. அவள் அதில் கோபம் காட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நான் நம்ப வேண்டுமே என்ற கவலைதான் அவள் முகத்தில் இருந்தது. அன்று அழுத மாதிரி நான் என்றைக்கும் அழுததில்லை.

மாலையில் எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வாசலில் மரப்பலகை காலியாகக் கிடந்தது. திக்கென்று கராஜைத் திறந்தால், மூட்டைகள் அத்தனையும் சுவரோரம் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. நடைபாதையில் உப்பும் தூவியிருந்தது. அடுத்த வாரம் நன்றி சொல்லத் தீயணைப்பு நிலையத்துக்குப் போனோம். கணவர் செய்த தேங்காய் பர்ஃபியை வாங்கிக்கொண்டு, அந்த டிரைவர் எங்கள் மகளிடம் மட்டும்தான் பேசினார். தலைவலி எப்படி இருக்கிறது என்று கேட்டார். மூன்று வாரமாக நாங்கள் கேட்காத கேள்வி அது.

இப்போது ஃபர்னஸுக்கு வெளியிலிருந்து நேராகக் காற்று வர ஒரு தனிக் குழாய் இருக்கிறது. புது சென்சார் இருக்கிறது. பேஸ்மென்ட்டில் ஒன்று, மாடியில் ஒன்று, பழைய இடத்தில் ஒன்று என அலாரங்கள் இருக்கின்றன. சனிக்கிழமை மிளகாய் தாளிக்கும்போது பழைய இடத்து அலாரம் கத்துகிறது. ஜன்னலைத் திறந்துவிட்டு, அது ஓயும்வரை அண்ணாந்து பார்த்தபடி இரண்டு பேரும் நிற்கிறோம். தீயை அடிக்கொரு தரம் போய்ப் பார்க்கும் புத்தி மட்டும் எனக்கு இன்னும் போகவில்லை.

மகளுக்குப் பதினொரு வயதாகிறது, தமிழ் வகுப்புக்குப் போகாமல் இருக்க இன்றும் நூறு காரணம் சொல்வாள், அதில் பாதி புளுகு என்றும் எனக்குத் தெரியும். ஆனால், "அம்மா, தலை வலிக்குது" என்று அவள் வந்து நின்றால், அன்று என்ன கிழமை என்று நான் பார்ப்பதில்லை.