பாதி மின்னிய சொம்பு

1984 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை, காலை ஆறே முக்கால். ஸ்ரீபெரும்புதூரில் ஐந்தாம் நாளாகத் தூறல். வெள்ளிக்கிழமை வழக்கப்படி பூஜைப் பாத்திரம் துலக்கக் கையில் புளியோடு உட்கார்ந்த என் மனைவி, குளியலறையில் நான் கட்டித் தொங்கவிட்டிருந்த தாமிரச் சொம்பையும் அவிழ்த்து எடுத்துவிட்டாள்.

"தேய்க்காதே!" என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

ஒரகடம் சாலையில் ஒரு சின்னப் பட்டறையில் எனக்கு வேலை. மின்சாரப் பெட்டிகளுக்குத் தாமிரப் பட்டை செய்து அனுப்புவோம். வேதியியல் படித்தவன் என்பதால் சரக்கின் தரத்துக்கு நான் பொறுப்பு. பளபளவென்று அனுப்பிய பட்டை, மழைக்காலத்தில் போய்ச் சேர்வதற்குள் கறுத்துவிடும். இரண்டு லோடு திரும்பி வந்துவிட்டது. மூன்றாவதும் வந்தால் ஆர்டர் போய்விடும், அதோடு என் வேலையும். பாரிமுனையில் ஒரு கடைக்காரர் பென்சோட்ரையசோல் என்ற வெள்ளைத் தூளில் ஒரு பொட்டலம் மாதிரிக்குக் கொடுத்தார். வெந்நீரில் கரைத்துத் தாமிரத்தை முக்கி எடுத்தால், கண்ணுக்குத் தெரியாத படலம் ஒட்டிக்கொண்டு காக்குமாம். முதலாளியோ, "கண்ணால பாக்காம காசு தரமாட்டேன்" என்றுவிட்டார். அதனால்தான் வீட்டுச் சொம்பைத் தேய்த்து, கீழ்ப்பாதியை மட்டும் முக்கி, ஈரத்தில் தொங்கவிட்டிருந்தேன். புளி பட்டிருந்தால் மேலும் கீழும் ஒரே நிறமாகி, சாட்சியே போயிருக்கும்.

அவள் சொம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இன்னாங்க இது? மேல அடுப்புக்கரி, கீழ கல்யாணப் பொண்ணு!"

பிடுங்கிக்கொண்டு ஓடினேன். பஸ் ஏறிய பிறகுதான் காலில் செருப்பு இல்லாதது தெரிந்தது. கண்டக்டர் சொம்பையும் காலையும் பார்த்தார். "இன்னா சார், பாதி வெளக்கும்போதே வூட்ல தொரத்திட்டாங்களா?" பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன்; டிக்கெட் வாங்கக்கூட மறந்து சிரித்தேன்.

முதலாளி சொம்பைக் கையில் வாங்கினார். கறுத்த பாதியில் விரலை வைத்தார், மின்னிய பாதியில் வைத்தார். "ரெண்டு கிலோ வாங்குய்யா" என்றார்.

மூன்றாவது லோடை முக்கித்தான் அனுப்பினோம். அது போன லாரி காலியாகத் திரும்பிய அன்று, பட்டறையில் எல்லாருக்கும் இரண்டிரண்டு வடை.

மருந்து பட்ட சொம்பில் இனித் தண்ணீர் குடிக்கக் கூடாது. அது முதலாளி மேஜைக்கே போய்விட்டது. வருகிறவர்களுக்கெல்லாம் சுற்றிக் காட்டுவார். மனைவி மட்டும் விடவில்லை.

"எங்கம்மா வூட்டுச் சீரு அது. பேர் வெட்டினது. அதே மாதிரி வேணும்."

புதுச் சொம்பு முப்பத்தெட்டரை ரூபாய். மாமியார் பேர் பதின்மூன்று எழுத்து, எழுத்துக்கு நாலணா. ஆக மொத்தம் நாற்பத்தொரு ரூபாய் எழுபத்தைந்து காசு.