எது வளர வேண்டும் என்று தெரியாமல் ஜெபித்தேன்

என்னோடு ஜெபிக்கிறவர்களே, பித்தப்பைக் கல்லை சீக்கிரம் எடுத்துவிட வேண்டும் என்று ஆஸ்பத்திரி மேல்மாடியில் அறுவை சிகிச்சை டாக்டர் சொன்னார். இப்போது கத்தியே வைக்கக்கூடாது என்று கீழே இதய டாக்டர் சொன்னார். என் கணவர் ஸ்டீபன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சுருண்டிருந்தார். நான் மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன்.

கரமனையில் எங்கள் வீடு. இவருக்கு சாலைக் கடைத்தெருவில் இரும்புக்கடையில் வேலை. மழைக்காலத் தொடக்கத்தில் மாரடைப்பு வந்து, இதயக் குழாயில் ஸ்டென்ட் என்ற சின்னக் கம்பிவலைக் குழலை வைத்தார்கள். ரத்தம் உறையாமலிருக்க இரண்டு மாத்திரைகள். நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளலாம். நிறுத்தாமல் அறுத்தால் ரத்தம் நிற்காது. ஓணம் முடிந்ததும் பித்தப்பை வலி தொடங்கியது.

"அப்போ எதுக்காக்கும் காத்திருக்கோம், டாக்டர்?" என்று மலையாளம் கலந்து பேசும் இதய டாக்டரிடம் கோபமாகவே கேட்டேன்.

"குழாய்க்குள்ள தொலி, அதாவது தோல் மாதிரி ஒரு படலம், வளர்ந்து ஸ்டென்ட்டை மூடணும். அதில உள்ள மருந்து அடைப்பைத் தடுக்கும். பக்ஷே, தொலி வளர்றதையும் தாமசமாக்கும். இதுக்கு க்ரோத் ஃபேக்டர் வெச்சு ஆராய்ச்சி நடக்குது..."

'க்ரோத்' என்றதும் என் காது அடைத்துவிட்டது. என் அப்பாவின் ஸ்கேனைப் பார்த்தவர்களும் 'க்ரோத்' என்றுதான் சொன்னார்கள். அது புற்றுநோய்க் கட்டி. மேற்கொண்டு எதுவும் கேட்காமல் எழுந்து வந்துவிட்டேன். அன்றிலிருந்து மகளின் கையையும் பிடித்துக்கொண்டு, "ஆண்டவரே, இவள் அப்பாவின் நெஞ்சில் எதுவும் வளரக்கூடாது" என்று ஜெபித்தேன்.

அடுத்த முறை போனபோது, "அந்த க்ரோத் போயிட்டுதா?" என்று கேட்டேன்.

டாக்டர் திகைத்தார். "அய்யோ, அது கட்டி இல்ல! தொலி வளர உடம்பே உண்டாக்கற வஸ்து. அதை ஸ்டென்ட் மேல பூசினா சீக்கிரம் ஆறுமான்னு பாக்கறாங்க. இவருக்குக் கொடுக்கற நிலைக்கு இன்னும் வரல்ல."

ஸ்டீபன் வலியோடு சிரித்தார். "ஏட்டி, வளர வேண்டியத வளராதேன்னு சொல்லியாக்கும் இத்தன நாளா முட்டுகுத்தி ஜெபம் பண்ணின? நல்ல ஆளாக்கும் எனக்கு ஜெபிக்கியது!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்மேல் ஆத்திரம். டாக்டர்மேல் ஆத்திரம். மன்னியுங்கள், ஆண்டவர்மேலும். மருந்து ஆராய்ச்சியில் இருக்கிறதாம், வலி எங்கள் வீட்டில் இருக்கிறது. வீட்டில் அரிசி களைந்தபடியே ஆண்டவரிடம் கத்தினேன்: "எது வளரணும், எது வளரக்கூடாதுன்னு எனக்குத் தெரியல்ல. உமக்குத் தெரியும். இனி நான் சொல்லித் தரமாட்டேன்." ஆமென்கூடச் சொல்லவில்லை.

மாத்திரைகளை ஒருநாளும் நிறுத்தவில்லை. வலி வருவதும் அடங்குவதுமாக வாரங்கள் இழுத்தன. தொலி மூடிவிட்டதா என்று பார்க்கும் பரிசோதனை தள்ளிப்போனது, மறுபடியும் தள்ளிப்போனது. நான் செய்வதெல்லாம் சரிதானா என்று தினமும் தவித்தேன். கிறிஸ்துமஸுக்குச் சற்று முன்னால் குழாய்க்குள் சின்னக் கேமரா விட்டுப் பார்த்தார்கள். டாக்டர் திரையைக் காட்டினார். கம்பிகளின்மேல் மெல்லிய வெள்ளைப் படலம்.

"தொலி மூடியாச்சு. பேடிக்கண்டா, பயமே வேண்டாம்."

அவர் சொன்னபடி ஒரு மாத்திரையை நிறுத்தினோம். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஸ்டீபன் இப்போது கடைக்குப் போகிறார்.

உடம்பு தானாக ஆறியது என்று சிலர் சொல்லலாம். அப்படித் தானாக ஆறும்படி அந்த உடம்பைப் படைத்தவருக்கே என் நன்றி. இப்போதும் பயப்படுகிறேன். ஆனால் புரியாததை டாக்டரிடம் திரும்பக் கேட்கிறேன், மனதில் இருப்பதை ஆண்டவரிடம் அப்படியே சொல்கிறேன். தவறாகக் கேட்டுவிடுவோமோ என்று நீங்களும் வாயை மூடிக்கொள்ளாதீர்கள். அன்று நான் கேட்டதை அவர் அப்படியே தந்திருந்தால், இன்று நான் விதவையாக இருந்திருப்பேன்.