சேவியர் அண்ணனுக்குக் கால் எட்டாமல் போனது

சேவியர் அண்ணன் வண்டியைத் தள்ளிக்கொண்டு திருவொற்றியூரில் உள்ள என் மெக்கானிக் ஷாப்புக்கு வந்தபோது முழங்கையில் சிராய்ப்பு, பேன்ட்டெல்லாம் சேறு. எண்ணூர் ரோட்டு சிக்னலில் காலை ஊன்றப் போயிருக்கிறார், தரை எட்டவில்லை. வண்டியோடு இடது பக்கம் சாய்ந்துவிட்டார். பின்னால் வந்த கன்டெய்னர் லாரிக்காரர் பிரேக் அடித்ததால் ஆள் பிழைத்தார்.

அண்ணன் துறைமுகத்தில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். வீடு ராயபுரம். உயரம் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் கூட இருந்தால் அதிகம்.

"பாய், இந்த வண்டி ஒசரமா பூட்ச்சி. தாழ்வா வேற ஒண்ணு பாத்துக் குடு."

எனக்கு வாய் சும்மா இருக்காது. "வண்டி எங்கண்ணே ஒசரும்? உனக்குத்தான் வயசாயிட்ச்சி. பேசாம ஸ்கூட்டர் வாங்கிக்கோ" என்றேன்.

"கியர் வண்டி தவிர எனுக்கு இன்னா தெரியும்? பொண்ணு வேற வண்டிய வித்துட்டு வூட்லயே கெடன்னு சொல்லிகினு கீது. ஸ்டெல்லாவும் இல்ல. வண்டியும் பூட்ச்சினா நா இன்னா பண்ணுவேன், சொவத்தப் பாத்துகினு குந்தியிருக்கவா?"

அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா தவறி அப்போது நாலு மாதம். அடக்கத்துக்கு நானும் போயிருந்தேன். அப்படியிருந்தும் என் மரமண்டைக்கு எதுவும் உறைக்கவில்லை. ஷாக் அப்சார்பரில் ஆயில் லீக் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். இல்லை.

மறுநாள் கடையை அரைநாள் மூடிவிட்டு அவரை ஷோரூம் ஷோரூமாக அழைத்துப் போனேன். குள்ளமானவர்கள் சீட் உயரத்தை மட்டும் பார்த்து ஏமாந்துவிடுவார்கள். சீட் முன்பக்கம் அகலமாக இருந்தால் தொடை விரிந்து, உள்ள உயரமும் வீணாகும். முதல் வண்டியில் அதுதான் நடந்தது. இரண்டாவதில் ஹேண்டில்பார் எட்டாமல் முதுகு வளைந்தது. மூன்றாவது தாழ்வான, கனத்த வண்டி. கால் நன்றாகவே பதிந்தது.

"சார், உங்களுக்குக் கெத்தா இருக்கு" என்றார் சேல்ஸ்மேன்.

"கெத்து கெடக்கட்டும். அண்ணே, குந்திகினே காலால பின்னாடி தள்ளு பாக்கலாம்" என்றேன். வண்டி அசையவில்லை.

நாலாவது வண்டியில் எல்லாம் பொருந்தியது, ஆனால் கட்டைவிரல்தான் தொட்டது. ஆள் ஆடினார். சாய்ந்துவிடப் போகிறாரே என்று நான் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். வண்டி அமுங்கியது. அவர் பாதம் தரையில் பதிந்தது.

அவர் குனிந்து தன் பாதத்தைப் பார்த்தார்.

"பாய், இப்ப எட்டுது" என்றார். பிறகு மெதுவாக, "அவ குந்துனா இப்டித்தான் இருக்கும்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அண்ணன் தன் வண்டியை வாங்கியதுமே, இரண்டு பேர் கனத்துக்கு அமுங்கிவிடாமல் இருக்கப் பின் ஷாக்கைக் கடைசி ஸ்டெப்புக்கு டைட் செய்து கொடுத்தவன் நான்தான். "என் வெயிட்டுக்குத்தான டைட் பண்ற? நல்லா பண்ணு பாய்" என்று சிரித்துக்கொண்டே பக்கத்தில் நின்றவர் அக்கா. சர்ச்சுக்கும், மீன் வாங்கக் காசிமேட்டுக்கும் இரண்டு பேரும் சேர்ந்தேதான் போவார்கள். அக்கா பின்னால் இல்லாமல் அண்ணன் வண்டியை எடுத்து நான் பார்த்ததில்லை. ஏறி உட்கார்ந்ததும் அக்கா அவர் தோளில் இரண்டு தட்டுத் தட்டுவார். அதற்குப் பிறகுதான் அண்ணன் கிளட்சை விடுவார். அக்கா இல்லாத வண்டி அந்த டைட்டான ஷாக்கின் மேல் உயர்ந்து நின்றிருக்கிறது. நான் அவர் வயதைக் குறை சொல்லியிருக்கிறேன்.

கடைக்குத் திரும்பி வந்து வண்டியை சென்டர் ஸ்டாண்ட் போட்டு ஸ்பேனரை எடுத்தேன்.

"இரு பாய். அது அவளுக்குன்னு வெச்சது."

நான் கையை எடுத்துவிட்டேன். அவர் ஷாக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஸ்பேனரை வாங்கி, தரையில் உட்கார்ந்து, அவரே ஒவ்வொரு ஸ்டெப்பாக இறக்கினார். ஒரு பக்கம் முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த பக்கம் போனார். நான் சீட்டைக் கழற்றி, முன்பக்கம் ஃபோமை ஓர் அங்குலம் சீவி இரண்டு ஓரத்தையும் குறுக்கினேன்.

ஏறி உட்கார்ந்தார். முன்பாதம் இரண்டும் தரையில் நன்றாக ஊன்றின.

"இத்த வெச்சிக்கிறேன் பாய். வேற வண்டி வோணாம்" என்றார்.

ஸ்டார்ட் செய்து, கியர் போட்டு, பழக்கத்தில் தலையைப் பாதி திருப்பி, "குந்திகினியா?" என்றார். கேட்டுவிட்டு அப்படியே நின்றுவிட்டார்.

கிரீஸ் கையை லுங்கியில் துடைத்துவிட்டு அவர் தோளில் இரண்டு தட்டுத் தட்டினேன். அவர் கிளட்சை விட்டார்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. வயதானவர் வந்து வண்டி உயரமாகிவிட்டது என்று சொன்னால் ஸ்கூட்டர் வாங்கச் சொல்லாதீர்கள். பின்னால் யார் உட்காருவார்கள் என்று முதலில் கேளுங்கள். பதில் சொல்ல நேரமானால் காத்திருங்கள்.