மாமி நின்ற வீதி

கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையில் பச்சையாக ஓர் ஆங்கில எழுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு புள்ளிகள், பக்கத்தில் விட்டுவிட்டு மின்னும் ஒரு சின்னக் கோடு. அந்தக் கோட்டைக் கண்டாலே மாமி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துக்கொள்வார். “நான் தப்புப் பண்றதுக்குன்னே காத்துண்டிருக்கு பாரேன்” என்பார்.

எண்பதுகளின் கடைசியில் திருச்சியில் ஒரு விதைக் கம்பெனியில் நாங்கள் இருவரும் டைப்பிஸ்டுகள். மாமி ஸ்ரீரங்கத்துக்காரர். நான் பாலக்கரைப் பெண், பத்தாவதோடு சரி. கம்ப்யூட்டர் வந்ததும் மானேஜர் சொல்லிவிட்டார்: மாதக் கடைசியில் அவர் கேட்கும் ஃபைலை அவர் எதிரிலேயே எடுத்துக் காட்ட வேண்டும், முடியாதவருக்குத் தொலைவில் முசிறிக் கிடங்கில் வேலை. மாமியின் கணவர் படுத்த படுக்கையாக இருந்தார். மத்தியானம் டவுன் பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்து வீட்டுக்கு ஓடி, அவருக்குச் சாதம் ஊட்டிவிட்டுத்தான் மாமி திரும்புவார். முசிறிக்குப் போனால் அது நடக்காது.

ஒரு நாள், காலை முழுதும் அடித்த விலைப்பட்டியலைக் காணோம். “எல்லாம் அழிஞ்சுபோயிடுத்துடி” என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அழியவில்லை. வெளியே எடுக்கிற பிளாப்பித் தகட்டில் சேமித்துவிட்டு, கம்ப்யூட்டருக்குள் இருக்கும் டிஸ்க்கில் தேடியிருக்கிறார். “அங்க இல்லை மாமி, இங்க இருக்கு” என்றேன். அங்கே என்றால் எது, இங்கே என்றால் எது? எனக்குக் கண்டுபிடிக்க வந்தது, சொல்லித்தர வாய் வரவில்லை.

அந்த ஞாயிறு மாமாவைப் பார்க்க ஸ்ரீரங்கம் போனேன். வடக்கு உத்திர வீதியில் வீடு. அங்கே கோயிலைச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்றாக வீதிகள், ஒவ்வொரு சுற்றிலும் ஒரு வடக்கு வீதி. நானோ வடக்குச் சித்திரை வீதியில் ஒவ்வொரு வாசலாகப் பார்த்துக்கொண்டு, யாரையும் கேட்கக் கூச்சப்பட்டு நடந்தேன். தேடி வந்த மாமி தலையில் அடித்துக்கொண்டார். “அசடே, வடக்குன்னு இருந்தா போறுமா? எந்தச் சுத்துல நிக்கறேன்னு பாக்க வேண்டாமா? இன்னும் ஒரு வீதி உள்ள வரணும்டி.”

“மாமி, கம்ப்யூட்டரும் இப்படித்தான்” என்று என்னை அறியாமல் சொன்னேன். மாமி நடுவீதியில் நின்றுவிட்டார். வீட்டுக்குள் நுழைவதற்குள் அவரே எல்லாவற்றையும் பொருத்திவிட்டார். திரையில் C என்று வரும் உள்ளே இருக்கும் டிஸ்க், ஸ்ரீரங்கம். A என்று வரும் பிளாப்பி, பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் திருச்சி. ஃபைல்களை வைக்கும் டைரக்டரிக்குள் டைரக்டரி, வீதிக்குள் வீதி. “பக்கத்துல பக்கத்துல ரெண்டு புள்ளி வெச்சா ஒரு வீதி வெளியில. அவ்வளவுதானே?”

படுக்கையிலிருந்து மாமா குழறலாகச் சிரித்தார். “இனிமே ஆபீஸ்லயும் வீதிப் பிரதட்சணம்தான்.”

மாதக் கடைசியில் மானேஜர் முசிறிக் கணக்கைக் கேட்டார். மாமி அடித்தார். அப்படி ஃபைல் இல்லை என்றது திரை. மாமி கண்ணை மூடி, “நான் எந்த வீதியில நிக்கறேன்?” என்று முணுமுணுத்தார். பிறகு திரையின் ஓரத்து எழுத்தைப் பார்த்தார்: A. பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். திரும்பி வந்து, ஒவ்வொரு வீதியாக உள்ளே போனார். கணக்கு வந்தது.

“என்னம்மா, வீதி கீதின்னு ஏதோ சொன்னீங்க?” என்றார் மானேஜர்.

“ஒண்ணுமில்லை சார். ஆத்துக்கு வழி பாத்துண்டேன்.”

அன்று மத்தியானமும் மாமாவுக்கு மாமி கையால்தான் சாதம்.

போன வாரம் என் மகள் லேப்டாப்பில் படங்களைக் காணோம் என்று பதறினாள். “முதல்ல நீ எந்த வீதியில நிக்கிறேன்னு பாரு” என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். வெள்ளைத் திரையின் தேடும் கட்டத்தில் அந்தச் சின்னக் கோடு மின்னிக்கொண்டிருந்தது. தப்புக்காகக் காத்திருப்பதுபோல எனக்குத் தோன்றவில்லை. மத்தியானச் சாதத்துக்கு வாசலைப் பார்த்துக்கொண்டு மாமா கண் சிமிட்டுவதுபோல இருந்தது.