முருகன் கல்

வெள்ளைச் சுவருள்ள வீடு வேண்டும் என்று கேட்டது நான்தான். அது சண்டை ஓய்ந்திருந்த சமாதான காலம். வட்டக்கச்சி வயல்வெளியிலிருந்து முல்லைத்தீவுக் கடற்கரைக்கு வாழ்க்கைப்பட்டுப் போயிருந்தேன். என் தாய் தகப்பன் மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். கடலைப் பற்றி எங்கள் வீட்டில் ஒருவருக்கும் ஒரு மண்ணும் தெரியாது.

ஒருநாள் கணவர் படகிலிருந்து துளைதுளையான கற்களை இறக்கி முற்றத்தில் குவித்தார். என்ன கல் என்று கேட்டேன். "முருகைக்கல்" என்றார். என் காதில் முருகன் கல் என்று விழுந்தது. கடலுக்குள்ளிருந்து முருகனே புது வீட்டுக்கு வந்துவிட்டான் என்று எனக்குப் புளகாங்கிதம். விடிந்ததும் குளித்து, இருப்பதில் பெரிய கல்லைக் கழுவித் திருநீறு பூசி, செவ்வரத்தம்பூ வைத்துக் கும்பிட்டேன்.

கணவரின் தாய், என் மாமி, பார்த்துவிட்டார். "பிள்ளை, அது சுண்ணாம்புக்குச் சுடுற கல்லெல்லே" என்று அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வளவுப் பெண்களும் கூடிவிட்டார்கள். வந்த இடத்தில் விசரி, பைத்தியக்காரி என்று பெயர் எடுத்துவிட்டேனே என்று குசினிக்குள் ஓடிப்போய் அடுப்படியில் குந்தி அழுதேன்.

கணவர் தேற்ற வந்தார். "நீ கும்பிட்டதில பிழையில்லை. அது உயிருள்ள சாமான். கடலுக்கடியில சின்னச் சின்னப் பூச்சியள் சேர்ந்து கட்டுற பவளப்பாறை. அதுக்குள்ளதான் மீன்குஞ்சுகள் வளருது."

எனக்கு வாய் வந்துவிட்டது. "அப்ப உயிரோட இருந்ததைச் சுட்டா என் சுவருக்குப் பூசப் போறீங்க? மீன் குடியிருக்கிற வீட்டை இடிச்சு நமக்கு வீடா?"

அவர் தலையைச் சொறிந்தார். பிறகு குவியலைப் படகில் ஏற்றி, எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் இறக்கினார், திருநீறோடு.

கரையில் ஒதுங்கிய வெறும் சிப்பிகளைப் பொறுக்கப் போனேன். சிரித்த பெண்களும் கடகத்தோடு வந்து சேர்ந்தார்கள். அதைச் சுட்டு நீற்றித்தான் சுவருக்கு அடித்தோம். புது வீட்டுக்குக் குடிபூரலன்று சுவர் பளிச்சென்று நின்றது. எனக்குக் கால் நிலத்தில் படவில்லை.

கேலி மட்டும் ஓயவில்லை. அந்தக் கற்கள் கிடக்கும் இடத்துக்கே முருகன் கோயில் என்று பெயர் வைத்துவிட்டார்கள். "கோயிலுக்கு மேல நங்கூரம் போடாதை, தள்ளி மணலில போடு" என்று படகுக்குப் படகு கத்துவார்கள். பகிடியாகத் தொடங்கியது, பழக்கமாகிவிட்டது.

பிறகொரு நாள் சுண்ணாம்புச் சூளைக்காரர் ஒருவர் உழவு இயந்திரத்தோடு கல் கேட்டு வந்தார். நான் வாய் திறக்குமுன் மாமி கதிரையை விட்டு எழும்பினார்.

"அது எங்கட பிள்ளையின்ர முருகன். ஒருத்தரும் கை வைக்கேலாது."

மாமி சிரிக்கவில்லை. குசினிக்குள் ஓடிப்போய்ச் சிரித்தது நான்தான்.