இருநூற்று நாற்பது கிராம் கிரீடம்

வெல்டிங் போடாத எதன்மீதும் எனக்கு நம்பிக்கை கிடையாது. இருபத்தாறு வருஷமாக லாரி பாடி கட்டுகிறவன் நான். பசையும் நூலும் வைத்து யாராவது ஒரு பொருளைச் செய்தால், அது எப்போது கழன்று விழும் என்று பார்த்துக்கொண்டு நிற்கத்தான் தோன்றும். அதனால் எங்கள் தெருக்கோடியில் அந்தோணிமேரி செய்துதரும் மாறுவேடச் சாமான்களைப் பார்த்து நான் கேலி பேசாத நாளில்லை.

மேரியின் வீட்டுக்காரர் சவரிராயன் சேலத்தில் பெயர்பெற்ற டிவி மெக்கானிக். பெட்டி டிவி போய்த் தட்டை டிவி வந்தது. அது கெட்டால் சரிபார்ப்பதைவிடப் புதிது வாங்குவது லாபம் என்று ஆனதும், செத்த டிவிகளைக் கடையிலேயே விட்டுவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். அவர் மில்லில் எலக்ட்ரீசியன் வேலைக்குப் போய்விட்டார். கடை நிறையக் குப்பை. அந்தச் சமயம் பார்த்து மகள் அக்சிலியாவுக்குப் பள்ளிக்கூடத்தில் மாறுவேடப் போட்டி. வாடகைக்கு ராணி உடை கேட்டுப் போன மேரி, கடைக்காரர் சொன்ன தொகையைக் கேட்டு வெறுங்கையோடு திரும்பி வந்தார். அன்று கடைக்குள் உட்கார்ந்து ஒரு டிவியைப் பிரித்தவர்தான், இன்னும் பிரித்துக்கொண்டிருக்கிறார்.

காயிலில் இருந்து உருவிய செம்புக் கம்பியில் வளையல், பழைய சிடியை வெட்டி ஒட்டியாணம், ரிமோட் பட்டன்களைக் கோத்து மாலை. சேந்தமங்கலத்தில் இருந்தெல்லாம் தாய்மார்கள் பஸ் ஏறி வருவார்கள். கொடுத்ததை மேரி வாங்கிக்கொள்வார். கொடுக்க முடியாதவர்களிடம், "ஊட்டுல ஒடஞ்ச ரேடியோ இருந்தாக் கொண்டாந்து போடுங்க, போதும்" என்பார்.

போன வருஷம் புதுச்சத்திரம் பக்கம் என் மகள் மைதிலி ஸ்கூட்டரில் இருந்து விழுந்தாள். கழுத்து எலும்பில் விரிசல். எட்டு மாதம் பட்டை கட்டிக் கிடந்தாள். பட்டையைக் கழற்றிய பிறகும் கழுத்தைத் திருப்பப் பயம். யாராவது கூப்பிட்டால் உடம்போடு சேர்ந்துதான் திரும்புவாள். பத்தொன்பது வயசுப் பிள்ளை அப்படித் திரும்புவதைப் பார்க்க முடியாமல், நானே அவள் எதிரே போய் நின்றுதான் பேசுவேன்.

என் மனைவி தெய்வநாயகி ஆஸ்பத்திரியிலேயே மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டாளாம். பிள்ளை எழுந்து நடந்தால் ஆடிப் பண்டிகை வண்டி வேடிக்கையில் அவளை அம்மன் வேஷத்தில் நிற்க வைப்பதாக. அலங்கரித்த வண்டியில் சாமி வேஷம் போட்டு, பேசாமல் அசையாமல் ஊர் சுற்றி வருவது எங்கள் பக்கத்தில் பெரிய நேர்த்திக்கடன். ஆனால் வாடகைக் கிரீடம் இரண்டரைக் கிலோ. டாக்டரோ தலையில் தண்ணீர்க் குடம்கூட ஏறக்கூடாது என்றிருந்தார். வேண்டிக்கொண்டதை விடவும் முடியாது, பிள்ளையின் கழுத்தோடு விளையாடவும் முடியாது. தெய்வநாயகி நேரே மேரியிடம் போய் நின்றாள்.

எனக்கு வந்ததே கோபம். "குப்பைக்குப் போன டிவியக் கொண்டாந்து அம்மன் தலையில வெக்கறதா?"

"நீங்க மட்டும் பழைய இரும்பப் போட்டு லாரி கட்டலீங்களா? அதுக்குப் பூசை போட்டு எலுமிச்சம்பழம் நசுக்கறீங்கல்ல?" என்றாள் தெய்வநாயகி.

தட்டை டிவியின் திரைக்குப் பின்னால் காகிதம் கனத்தில் சில தாள்கள் இருக்கும். ஒன்று வெள்ளி மாதிரி மின்னும், இன்னொன்றைச் சாய்த்தால் வானவில் தெரியும். அவற்றை அடுக்கி வெட்டிக் கிரீடம் செய்தார் மேரி. கல் பதிக்க வேண்டிய இடங்களில், சர்க்யூட் போர்டில் இருந்து கழற்றிய வண்ணவண்ண உருளைகள். கொலுசுப் பட்டறை சின்னண்ணனின் தராசில் வைத்தோம். இருநூற்று நாற்பது கிராம். சின்னண்ணன் இன்னொரு முறை நிறுத்துப் பார்த்தார். அம்மனுக்குப் பின்னால் நிற்கும் பிரபையையும் மேரியே செய்தார். ஒரு காலத்தில் மொட்டைமாடிகளில் நின்ற ஆன்டெனாவின் அலுமினியக் குழாய்களை வளைத்து, சுற்றிலும் சிடி துண்டுகள். "ஒரு தட்டுத் தட்டினா மடங்கீருமே" என்றேன். "யாருங்ணா தட்டப்போறாங்க?" என்றார் மேரி.

பண்டிகையன்று சாயங்காலம் நாலு மணிக்கு டிராக்டர் கிளம்பியது. மைதிலி நின்ற நிலையைப் பார்த்து, பெற்ற நானே கையெடுத்துக் கும்பிட்டேன். கிரீடம் பாரமே இல்லை என்று ஏறுவதற்கு முன்பே சொல்லியிருந்தாள்.

கிரீடத்தை நிறுத்துப் பார்த்த எங்களில் ஒருவரும் மாலையை நினைக்கவில்லை. தெருவுக்குத் தெரு ரோஜா மாலை, சம்பங்கி மாலை. அவள் பிழைத்து வந்த கதை தெரிந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொன்று கொண்டுவந்து போட்டார்கள். போட்ட மாலையை வண்டி திரும்பி நிலைக்கு வரும்வரை கழற்றக்கூடாது என்பது எங்கள் வழக்கம். மூன்றாவது தெருவில் மைதிலியின் கண்ணில் இருந்து தண்ணீர் வழிந்தது. மஞ்சள் பூசிய கன்னத்தில் கோடு விழுந்தது.

"அம்மா எறங்கீட்டா!" என்று யாரோ கத்தினார்கள். குலவைச் சத்தம் எழுந்தது. தெய்வநாயகி ரோட்டிலேயே விழுந்து கும்பிட்டாள். எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது. கூட்டம் நெருக்கியடித்து இன்னும் மாலைகளைக் கொண்டுவந்தது. நானே ஒன்றை வாங்கிப் போடப் போனேன்.

என் கையைப் பிடித்தவர் மேரி. "அண்ணா, அது அருள் இல்லீங்க. புள்ளைக்கு வலிக்குதுங்க."

மாலை என் கையிலேயே நின்றுவிட்டது. வேஷத்தில் இருக்கிறவள் வாய் திறக்கக்கூடாது. என் மகள் சாமியாக நின்று வலியைத் தின்றுகொண்டிருந்தாள், நான் அவளுக்குப் பூ வாங்கிக்கொண்டிருந்தேன்.

மேரி வண்டியின் பின்பக்கமாக ஏறினார். ஒவ்வொரு மாலையாகத் தோளில் இருந்து தூக்கிப் பிரபையின் இரண்டு பக்கமும் மாட்டினார். முன்னால் இருந்து பார்த்தால் மைதிலியின் கழுத்தில் கிடப்பது மாதிரியேதான் இருந்தது. "மாலயக் கழட்டறாங்க பாரு" என்று ஒரு பெரியவர் அதட்டினார். "கழட்டலீங்க சாமி, நகத்தி உடறேன்" என்று சொல்லிக்கொண்டே மேரி அடுத்த மாலையைத் தூக்கினார்.

ஆனால் ஆன்டெனாக் குழாய் அந்தப் பாரத்தைத் தாங்கவில்லை, வளைந்தது. வெல்டிங் மெஷினைத் தெருவுக்கா கொண்டுவர முடியும்? மேரி பிரபைக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். நான் மாற்றிப் பிடிக்க ஏறினேன். "நீங்க பெரிய ஆளு, வெளிய தெரிவீங்க. எறங்குங்கண்ணா" என்று விரட்டினார். இரண்டரை மணி நேரம். ஊரே அந்த வண்டியைப் பார்த்துக் கும்பிட்டது. மேரி ஏறியதைப் பார்த்தவர்களும் அவர் இறங்கிவிட்டதாகத்தான் நினைத்தார்கள். பின்னால் ஒருத்தர் உட்கார்ந்திருப்பது எனக்கும் தெய்வநாயகிக்கும் மைதிலிக்கும்தான் தெரியும்.

வண்டி நிலைக்கு வந்து, கற்பூரம் காட்டி, வேஷம் இறங்கலாம் என்றார்கள். இனிப் பேசலாம், அசையலாம். மைதிலி முதலில் செய்தது, தோளை அசைக்காமல் தலையை மட்டும் திருப்பிப் பின்னால் பார்த்தது.

"மேரியக்கா, கை மரத்துப் போச்சுங்களா?"

தெய்வநாயகி என் கையைக் கிள்ளினாள். நானும் பார்த்துவிட்டேன். பத்து மாதத்துக்குப் பிறகு என் மகளின் கழுத்து தனியாகத் திரும்பியிருந்தது. அவளுக்கே அது தெரியவில்லை.

எனக்கு அழுகை வந்தது, அழுதேன். மேரியின் கையைப் பிடித்து, "அம்மிணி, நீ நல்லாருக்கோணும்" என்றேன். குழாய் அழுத்திய இடம் இரண்டு உள்ளங்கையிலும் சிவந்து கிடந்தது.

"அதெல்லாம் இருக்கட்டுங்ணா. கிரீடத்தத் திங்கக்கெழமக்குள்ள குடுத்துருங்க. பரமத்தி வேலூர்ல ஒரு புள்ள ராணி வேசங் கட்டுதாம்" என்றார் மேரி.

அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று விலாசம் கேட்டு வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் பக்கத்து சீட் காலியாகத்தான் இருந்தது. ஆனாலும் வேலூர் போய்ச் சேரும்வரை கிரீடத்தை மடியில் இருந்து இறக்கிவைக்க எனக்கு மனம் வரவில்லை.