வெள்ளிக்கிழமை ஊசி: அரியலூரிலிருந்து பெரம்பலூருக்கு ஒரு தலைவலிப் பயணம்

அரியலூரிலிருந்து சிறுவாச்சூர் அம்மன் கோயிலுக்கு ஒரே நாளில் போய்வர முடியுமா என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். தலைவலிக்கு அக்குபங்சர் செய்துகொண்டதாக எப்போதோ ஒரு வரி எழுதியிருந்தீர்களே, அதையும் விரிவாக எழுதுங்கள் என்று இன்னொருவர் கேட்டிருந்தார். எனக்கு இரண்டும் ஒரே பயணம்தான். எண்பத்து மூன்றாம் வருஷம், தை மாதத்து வெள்ளிக்கிழமை. என்னோடு வந்தவர் என் மாமியார், நான் கூப்பிடுவது அத்தை.

அப்போது நான் அரியலூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். காதில் ஹெட்செட், எதிரே போர்டு, அதில் மாறி மாறி மினுக்கும் சிறு விளக்குகள். வெளியூருக்கு யார் பேசினாலும் எங்கள் கை வழியாகத்தான் லைன் போகவேண்டும். அந்த வேலை எனக்கு உயிர். ஆனால் கல்யாணத்துக்கு முன்பே வந்த ஒற்றைத் தலைவலி, கல்யாணத்துக்குப் பிறகு வாரத்துக்கு இரண்டு தடவை என்றாகிவிட்டது. முதலில் கண்ணோரத்தில் வெயில் பட்ட தண்ணீர் மாதிரி ஒரு நெளிவு தெரியும். பிறகு இடது நெற்றிப்பொட்டில் இடி. கடைசியில் வாந்தி. இருட்டறையில் படுத்தால் மறுநாள்தான் எழுந்திருப்பேன்.

என் கணவர் சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்தார். நல்ல மனிதர்தான். "அந்த ஹெட்செட்டை மாட்டிக்கிட்டு இருந்தா தலை வலிக்காம என்ன செய்யும்? வேலைய விட்டுடு சாந்தி" என்று அன்பாகத்தான் சொல்வார். அன்பாகச் சொல்வதை மறுப்பதுதான் கஷ்டம். அத்தையும் அதையே சொன்னார். பங்குனி முடிவதற்குள் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுவது என்று வீட்டில் பேச்சு முடிந்திருந்தது.

அந்த நிலையில்தான் வசந்தா ஒரு டாக்டரைப் பற்றிச் சொன்னாள். வசந்தா பெரம்பலூர் எக்ஸ்சேஞ்ச் ஆபரேட்டர். இரண்டு வருஷமாக தினமும் பேசுகிறோம், ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அவளுக்கு நான் 'அரியலூர்', எனக்கு அவள் 'பெரம்பலூர்'. ஒருநாள் லைன் ஓய்ந்திருந்தபோது சொன்னாள். "அரியலூர், இங்க வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை ஒரு டாக்டர் வர்றாருடி. எம்.பி.பி.எஸ். படிச்சிட்டு, கொழும்புல போயி சீனா வைத்தியம் கத்துக்கிட்டவரு. மருந்தே கெடையாது, வெறும் ஊசி. என் கழுத்துவலி பாதி போயிடுச்சு. வந்து பாரேன்."

வீட்டில் சொன்னேன். கணவர் யோசித்தார். அத்தை யோசிக்கவே இல்லை. "ஊசியால குத்தி வலி போவுமா? நல்லாருக்கே கத! சரி, வெள்ளிக்கிழமன்னா சிறுவாச்சூர் அம்மன் கோயிலு தொறந்திருக்கும். மொதல்ல அம்மன், அப்பறந்தான் ஊசி. நானும் வரேன்." சிறுவாச்சூர் காளியம்மன் கோயில் திங்களும் வெள்ளியும் மட்டும்தான் திறக்கும். போக நினைப்பவர்கள் இதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை போய்ப் பூட்டிய கதவைக் கும்பிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும்.

அரியலூரில் ஏழு மணி பஸ். முப்பது கிலோமீட்டர் சொச்சம், பேரளி வழியாக ஒன்றேகால் மணி நேரம். டிக்கெட் மூன்று ரூபாய்க்குள். பெரம்பலூருக்கு ரயில் கிடையாது, அன்றும் இன்றும் பஸ்தான். வழியெல்லாம் கரிசல் காட்டில் பருத்தி வெடித்திருந்தது. பெரம்பலூரில் இறங்கி திருச்சி பஸ் பிடித்தால் எட்டு கிலோமீட்டரில் சிறுவாச்சூர்.

அந்தக் கோயிலில் மாவிளக்கு போடுவது விசேஷம். ஊறவைத்த அரிசியை அங்கேயே உரலில் இடித்து, வெல்லம் சேர்த்து விளக்கு செய்வார்கள். சுற்றிலும் பெண்கள் உலக்கை போட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தையும் ஒரு உரலைப் பிடித்துவிட்டார். அவர் இரண்டு குத்து குத்துவதற்குள் என் கண்ணோரத்தில் அந்த நெளிவு வந்துவிட்டது. டாக்டரைப் பார்க்கப் புறப்பட்ட அன்றைக்கே!

நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அத்தை உலக்கையைப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு என் கையைப் பிடித்து வேப்பமர நிழலுக்குக் கூட்டிப்போனார். முந்தானையைத் தண்ணீரில் நனைத்து என் கண்மேல் போட்டார். "கண்ணத் தொறக்காத. பேசாத. நா போயி வெளக்க ஏத்திட்டு வந்துடுறன்" என்றார். இந்தத் தலைவலிக்கு என்ன வேண்டும் என்பது இவருக்கு எப்படித் தெரிந்தது என்று அந்த வலியிலும் ஒரு நொடி தோன்றியது. அதற்கு மேல் யோசிக்க முடியவில்லை.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் திரும்ப இறங்கியபோது பாதிக் கண்தான் திறந்திருந்தேன். கூட்டத்துக்கு நடுவில் ஒரு குரல்.

"ஹலோ அரியலூர்!"

அத்தை திடுக்கிட்டுத் திரும்பினார். "யாருடி இவ, ஊர்ப் பேரச் சொல்லிக் கூப்புடுறா?"

குரலை வைத்து வசந்தாவை ஒல்லியாக, குட்டையாக, என்னைவிடச் சின்னவளாக நினைத்திருந்தேன். எதிரே நின்றவள் என்னைவிட ஒரு சாண் உயரம், பத்து வயது மூத்தவள், கையில் ஆண்பிள்ளைக் குடை. மாமியாரோடு வருவதாக லைனில் சொல்லியிருந்தேன். ராத்திரி ஷிஃப்ட் முடித்துவிட்டு எங்களுக்காகக் காத்திருந்தவள், பாதிக் கண்ணோடு இறங்கியதைப் பார்த்தே நான்தான் என்று கண்டுகொண்டாளாம். அவளும் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீ நல்லா குண்டா இருப்பேன்னுல்ல நெனச்சேன்!" என்றாள். தலை பிளந்துகொண்டிருந்தது, ஆனாலும் சிரித்துவிட்டேன். அவள் குடையை விரித்து என்னை அதற்குள் இழுத்துக்கொண்டாள்.

டாக்டர் துறையூர் சாலையில் ஒரு வீட்டின் முன்னறையில் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கும், மெதுவான பேச்சு. இரண்டு கட்டில்கள். மூலையில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் ஊசிகள் கொதித்துக்கொண்டிருந்தன. சுவரில் ஒரு சீனப் படம், ஆள் உருவத்தில் தலையிலிருந்து கால்வரை கோடுகள், கோடுகளில் புள்ளிகள். அத்தை அதை வெகுநேரம் பார்த்தார்.

"இந்த ஊருக்குத்தான் ரயிலு கெடையாதே. இவரு மனுச ஒடம்புலயே தண்டவாளம் போட்டு ஸ்டேசன் வச்சிருக்காரு!"

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். "அதேதாம்மா. இந்தப் பாதையில ஒரு சக்தி ஓடுதுன்னு சீனாக்காரங்க சொல்றாங்க. அதுக்கு 'ச்சீ'ன்னு பேரு."

"ச்சீயா?" அத்தை முகத்தைச் சுளித்தார். "சக்திக்கா இந்தப் பேரு?"

பிறகு டாக்டர் என்னிடம் தலைவலி எப்படி வரும் என்று கேட்டார். கண்ணை மூடியபடியே சொன்னேன். முதலில் நெளிவு, பிறகு ஒரு பக்க இடி. அதற்குமேல் பேச முடியாமல் குமட்டியது. நான் நிறுத்திய இடத்தில் அத்தை தொடர்ந்தார்.

"அப்பறம் தாளிக்கிற வாசன ஆவாது. வெளிச்சம் ஆவாது. கொழந்த அழுதாக்கூட அடிக்கலாம்னு வரும். வாந்தி எடுத்தா கொஞ்சம் தேவல. மறுநா எழுந்தா ஒடம்பு பஞ்சாட்டம் இருக்கும்."

இதில் பாதியை நான் யாரிடமும் சொன்னதே இல்லை. டாக்டர் அத்தையின் பக்கம் திரும்பினார். "உங்களுக்கும் வருமாம்மா?"

அத்தை சேலைத் தலைப்பைச் சரிசெய்தார். பிறகு, "சமஞ்ச நாள்லேருந்து வருது" என்றார். "தலையில துணிய இறுக்கிக் கட்டிக்கிட்டு நாத்து நட்டிருக்கன். வரப்புல வாந்தி எடுத்துட்டு வந்து மறுபடி நட்டிருக்கன். வூட்டுல சொன்னா சாக்கு சொல்றாம்பாங்க. யாருகிட்ட சொல்றது?"

வசந்தா குடையை மடிப்பதை நிறுத்திவிட்டாள். அத்தை எதையோ கணக்குப் போடுவது போல என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று குரல் உயர்ந்தது.

"ஏன்டி சாந்தி, டெலிபோனாலதான் ஒனக்கு வருதுன்னா, எனக்கு ஏது டெலிபோனு?"

"அதானே!" என்றாள் வசந்தா, பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும்படி.

டாக்டர் நிதானமாகச் சொன்னார். "இது எதனால வருதுன்னு முழுசா யாருக்கும் தெரியாதும்மா. பசி, தூக்கக்கேடு, வெயில், கண்ணக் கூசுற வெளிச்சம், இதெல்லாம் கிளப்பி விடும். ஊசி போட்டா அடியோட போயிடும்னு நான் சொல்ல மாட்டேன். சில பேருக்குக் கொறையுது. பார்ப்போம்."

என்னைப் படுக்கவைத்து, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் ஒன்று, நெற்றிப்பொட்டில், பாதத்தில் என்று ஆறேழு ஊசிகள் ஏற்றினார். முடி போல மெல்லிய ஊசி. குத்தியது தெரியவில்லை. ஆனால் கையில் போட்டபோது, உள்ளே யாரோ பாரத்தை வைத்து அழுத்துவது போல ஒரு கனம் பரவியது. "வலிக்குதா?" என்று அத்தை மூன்று முறை கேட்டார். நான் இல்லை என்றதும் பக்கத்துக் கட்டிலில் தானே போய் உட்கார்ந்தார். "எனக்கும் போடுங்க. இன்னிக்கு வலி இல்ல. இருந்தாலும் பாக்கி நெறய இருக்கு."

மாமியாரும் மருமகளும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில், நெற்றியிலும் கையிலும் ஊசிகளோடு கிடந்தோம். அத்தை மெல்லத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். "முள்ளம்பன்னியாட்டம் இருக்கடி." எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அவருக்கும். இரண்டு பேர் நெற்றியிலும் ஊசிகள் ஆடின. "சிரிக்காதீங்கம்மா, ஊசி ஆடுது" என்று டாக்டர் கெஞ்ச, அதைக் கேட்டு வசந்தா சிரிக்க, அது நிற்க வெகுநேரம் ஆனது. எப்போது தூங்கினேன் என்று தெரியாது. எழுந்தபோது இடி ஓய்ந்து, தூரத்தில் எங்கோ மேளம் கேட்பது போல இருந்தது. அன்றைக்கு வாந்தி வரவில்லை. பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் மூன்று பேரும் தோசை தின்றோம். தலைவலி வந்த நாளில் நான் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை.

வீடு வந்ததும் கணவர் ஆவலாகக் கேட்டார். "என்னம்மா, டாக்டர் வேலைய விடச் சொன்னாரா?"

"விடச் சொன்னாருடா" என்றார் அத்தை. "பசியோட அடுப்படியில நிக்கிறத விடச் சொன்னாரு, ரெண்டு பேரயும். போயி ஒல வை."

கணவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். சோறு குழைந்துதான் போயிற்று. ஆனால் எழுதிக் கொடுக்கும் பேச்சு அன்றோடு நின்றது.

பங்குனி வரை வெள்ளிக்கிழமை தோறும் போனோம். தலைவலி ஒழிந்தது என்று சொன்னால் பொய். எனக்கு வாரத்துக்கு இரண்டு என்பது மாதத்துக்கு ஒன்று என்றாயிற்று, அத்தைக்கு அதைவிடக் குறைந்தது. ஊசியாலா, வேளைக்குச் சாப்பிட்டதாலா, அந்த பஸ் பயணங்களில் இருவரும் பேசித் தீர்த்ததாலா? எனக்கு இன்றுவரை பிரிக்கத் தெரியவில்லை. அந்தப் பங்குனியில் கல்லங்குறிச்சி பெருமாள் கோயில் தேருக்கு வசந்தாவும் சேர்ந்து மூவரும் போனோம். அரியலூரிலிருந்து பக்கம்தான், ஐந்து கிலோமீட்டர். மேளம், வெயில், கூட்டம், என்னைப் படுக்கவைக்க இதில் ஒன்று போதும். அன்று முழுக்க நின்று தேர் பார்த்தேன். வசந்தாவும் அத்தையும் வடத்தைத் தொட்டே தீருவோம் என்று கூட்டத்துக்குள் போய், ஆளுக்கொரு செருப்பைத் தொலைத்துவிட்டு வந்தார்கள்.

அந்த டாக்டர் சில வருஷங்களில் வேறு ஊருக்கு மாறிப் போனார். இன்று போகிறவர்களுக்குச் சில விஷயங்கள் சொல்கிறேன். புதிதாக வந்த தலைவலி என்றாலோ, திடீரென்று மோசமானது என்றாலோ முதலில் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள், ஊசி வைத்தியமெல்லாம் அப்புறம். அக்குபங்சருக்குப் போனால், உங்கள் கண்முன்னால் புது உறையைப் பிரித்து ஊசி எடுக்கிறார்களா என்று பாருங்கள். வெறும் வயிற்றோடு போகாதீர்கள். சிறுவாச்சூரும் சேர்ந்த பயணம் என்றால் வெயில் ஏறுமுன் கோயிலை முடித்துவிடுங்கள். முடிந்தால் தனியாகப் போகாதீர்கள். துணைக்கு வருகிறவரிடம், "உங்களுக்கும் வலிக்குமா?" என்று மறக்காமல் ஒரு வார்த்தை கேளுங்கள். அவரிடம் அதுவரை யாருமே கேட்டிருக்க மாட்டார்கள்.